நாற்காலி கேட்பது விசுவாசக் குறைவா?

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரிக்கு,

தியாகராய நகரில் துணிக்கடை வேலை, நெல்லைச் சீமையில் அம்மாவும் தம்பியும், ஞாயிறன்று ஆராதனைக்குப் போக முடியாத வருத்தம் என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் கடைசிப் பத்திதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. கால்வலி தாங்காமல், உட்கார நாற்காலி போடச் சொல்லி மேலாளரிடம் கேட்கலாமா என்று விடுதியில் பேச்சு வந்திருக்கிறது. கூட இருந்த ஒரு அக்கா, "விசுவாசிக்கு இருப்பதே போதும் என்ற மனசு வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஜெபத்தில் உட்கார்ந்தாலே குற்ற உணர்வு வருகிறது என்கிறீர்கள்.

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகளில் பலர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்ற ஒரு பெண் சேலையை விரித்து, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, "இதே டிசைன்ல வேற கலர் இருக்கும்மா" என்று அடுத்ததை எடுத்தார். அவர் முன்னால் பட்டு மலைபோல் குவிந்தது. வந்தவர்கள் எதுவும் பிடிக்காமல் எழுந்து போனார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. ஜரிகை ஒடியாமல், பழைய மடிப்பின் மேலேயே மடிப்பு விழும்படி ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். அதற்குள் எத்தனையோ முறை கால் மாற்றி நின்றுவிட்டார். தான் தோளில் போட்டுக் காட்டிய சேலையின் விலை தன் பல மாதச் சம்பளம் என்று தெரிந்தும் அதை இன்முகத்தோடு காட்டுவது லேசான வேலையில்லை. அந்த இடத்தில் நிற்கிறவர் மனதில் ஏக்கம் எழுந்தால் அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இனி வேதத்துக்கு வருகிறேன். மனரம்மியம் என்றாலே நாம் எடுக்கிற பகுதி பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம். தாழ்விலும் வாழ்விலும், பசியிலும் நிறைவிலும் மனம் தளராமல் இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் அங்கே சொல்கிறார். கற்றுக்கொண்டேன் என்கிறார், கவனியுங்கள். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழும்போதே அது அவருக்கு வந்துவிடவில்லை. எழுதியது சிறையிலிருந்து. அதே அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தைத்தான் நாம் வெற்றி வசனமாக்கி ஆட்டோவின் பின்னாலும் காலண்டரிலும் போட்டுக்கொள்கிறோம். அதற்கு முந்தைய வசனத்தோடு சேர்த்துப் படித்தால், கிறிஸ்து தரும் பலம் எதற்கு என்பது தெளிவாகும். பசியையும் தாங்க, நிறைவிலும் தலைகால் தெரியாமல் போகாதிருக்க. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்கிற ஆசீர்வாதப் பிரசங்கத்துக்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

அந்தக் கடிதம் யாருக்குப் போனது? பிலிப்பி சபைக்கு. அந்த ஊரில் முதலில் விசுவாசித்தவர் லீதியாள், இரத்தாம்பரம் விற்ற பெண். உங்களைப் போலத் துணி வியாபாரத்தில் இருந்தவர். அதே ஊரில்தான் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமலே அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இருவரும் துதித்துப் பாடினார்கள். இதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் நடந்ததை அவ்வளவாகக் கேட்பதில்லை. சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் மறுத்தார். ரோமக் குடிமக்களான எங்களை விசாரணையின்றி எல்லார் முன்னாலும் அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, நீங்களே வந்து வெளியே அழைத்துப் போங்கள் என்றார். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்களே வந்து தயவாய்ப் பேசி வெளியே அழைத்துப் போனார்கள்.

இரவில் சங்கிலியோடு பாடியவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே பவுல். மனநிறைவு பற்றி எழுதியவரும் அவர்தான், அதைப் படித்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆகவே அந்த அக்காவுக்கு என் பதில் இது: தேவனிடம் மனநிறைவோடு இருப்பதும் மனிதரிடம் நியாயம் கேட்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. நிறைவு உள்ளவர்தான் பயமில்லாமல், பகையில்லாமல் கேட்க முடியும்.

மேலும், நீங்கள் கேட்பது சலுகையும் அல்ல. கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

மனநிறைவும் நியாயத்துக்கான போராட்டமும் சேர்ந்திருந்த ஒருவரை உங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே சொல்கிறேன். டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர், 1895-இல் இந்தியா வந்தபின் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி 1901-இல் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். இதுவும் தேவசித்தம் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியிருந்தால், அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான டோனாவூர் இல்லம் உண்டாகியிருக்காது. தனக்கென்று எதுவும் கேட்காதவர், அந்தப் பிள்ளைகளுக்காக யாரோடும் போராடத் தயங்கவில்லை. 1931 அக்டோபரில் குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறையிலேயே கழித்தார். சுகத்துக்காக ஜெபித்தார்கள், பழைய சுகம் திரும்பவில்லை. படுக்கையில் இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். பெயர் பொறித்த கல்லறைக்கல் வேண்டாம் என்றவருக்குப் பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். தன் வலியைப் பொறுப்பதும் பிறர் வலியைப் பொறுக்காததும் ஒரே விசுவாசத்திலிருந்து வர முடியும் என்பதற்கு அவரை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த நிறைவை எப்படிக் கற்பது என்று கேட்பீர்கள். மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, ஞாயிறு கிடைக்காவிட்டால் உங்களுக்கு விடுமுறை தருகிற நாளையே ஓய்வுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று சின்னமலைக்குப் போய் வரலாம். உங்கள் கடைக்குப் பக்கத்து மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் சைதாப்பேட்டை, அங்கிருந்து பக்கம்தான். தோமா தங்கியதாக மரபு சொல்லும் குகை அங்கே இருக்கிறது. காயத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட சீடர் அவர். கேட்டதற்காகக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லை. நம் கேள்விகளோடு போய் உட்கார ஏற்ற இடம்.

இரண்டு, கொடுக்கப் பழகுங்கள். 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் சபையாரின் காணிக்கையை வைத்தே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்தச் சபைகளில் பெரும்பாலோர் ஏழைகள். கொடுக்க நம்மிடமும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்த கை, பிறர் கைப்பையைப் பார்த்துக் கூசுவதில்லை. வீட்டுக்கு நீங்கள் மாதாமாதம் அனுப்புகிற பணத்தையும் காணிக்கையாக எண்ணியே அனுப்புங்கள்.

மூன்று, தனியாக இருக்காதீர்கள். பவுலுக்கும் எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபையார் உதவி அனுப்பினார்கள். அவர் அதை மனமார வாங்கிக்கொண்டு நன்றி எழுதினார். அடுத்தவர் உதவியை ஏற்பதும் மனநிறைவின் ஒரு பகுதி.

ஆகவே இந்த வாரமே விடுதியில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஜெபம் தொடங்குங்கள். உங்களைக் கண்டித்த அந்த அக்காவையும் கூப்பிடுங்கள், அவருக்கும் கால் வலிக்கும். ஜெபித்து முடித்ததும் எல்லாருமாகப் போய் மேலாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கர்த்தர் உங்களோடு இருப்பார்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்