மடிச்சா நிக்கும், குறுக்கே கட்டினா ஆடாது!



இந்த மாதம் அறிவியல் பகுதி என் பொறுப்பு. நம்ம ஊரில் கோபுரத்துக்கும் குறைவில்லை, தறிக்கும் குறைவில்லை. இரண்டும் எப்படி உறுதியாக நிற்கிறது என்று எழுதுகிறேன். படிச்சதோட விட்டுடாதீங்க. நோட்டுத்தாள், ஸ்கேல், ஈர்க்குச்சி, ரப்பர் இருந்தா போதும், எல்லாத்தையும் செஞ்சு பார்க்கலாம்.

வலிமை வேறு, விறைப்பு வேறு

முறுக்கேற்றிய பட்டு நூலை விரலில் சுற்றி இழுத்துப் பாருங்க. லேசில் அறாது, விரலைத்தான் அறுக்கும். ஆனால் அதை நிமிர்த்தி நிற்க வைக்க முடியுமா? துவண்டு விழும். இப்போ சாக்பீஸை எடுங்க. நிமிர்ந்து நிற்கும், கொஞ்சம் கூட வளையாது. ஆனால் இரண்டு விரலால் அழுத்தினால் படக்கென்று உடையும்.

உடையாமல், அறாமல் தாங்குவது வலிமை. வளையாமல் நிற்பது விறைப்பு. பட்டுக்கு வலிமை உண்டு, விறைப்பு இல்லை. சாக்பீஸுக்கு விறைப்பு உண்டு, வலிமை இல்லை. தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி கஞ்சி போடுவதைப் பார்த்திருப்பீங்க. கஞ்சி காய்ந்ததும் பிசிறு அடங்கி இழை கொஞ்சம் விறைப்பாகுது, தறியில் உரசலையும் தாங்குது. வீட்டுக்கும் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வலிமை, விறைப்பு இரண்டுமே வேணும்.

சோதனை 1: மடிப்பு

இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு நோட்டுத்தாளைப் பாலம் மாதிரி வையுங்க. அது தானாகவே தொங்கும். ஒரு ரூபாய்க் காசு வைத்தால் விழுந்துவிடும். அதே தாளை விசிறி மாதிரி நீளவாக்கில் மடித்து வையுங்க. இப்போ அஞ்சாறு காசு வைத்தாலும் நிற்கும்.

தாள் மாறவில்லை. எடையும் கூடவில்லை. வடிவம்தான் மாறியது. மடித்ததால் தாளுக்கு ‘உயரம்’ கிடைச்சுது. கொட்டகை தகரத்தில் நெளி நெளியாக இருப்பது அழகுக்கு இல்லை, இதுக்குத்தான்.

சோதனை 2: படுக்க வைப்பதும் குத்தி வைப்பதும்

ஸ்கேலைப் படுக்க வைத்து வளையுங்க. சுலபமாக வளையும். இப்போ குத்தி நிறுத்தி வைத்து வளைக்கப் பாருங்க. முடியாது. இதுக்குக் கணக்கு இருக்கு. உத்தரத்தின் உயரம் இரண்டு மடங்கானால் வலிமை 4 மடங்கு, விறைப்பு 8 மடங்கு. அகலம் இரண்டு மடங்கானால் இரண்டும் 2 மடங்குதான். 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஸ்கேலுக்குக் கணக்குப் போட்டால், குத்தி வைக்கும்போது விறைப்பு 100 மடங்கு வருகிறது!

எங்க வீட்டுத் தறி மேல ஜக்காடு பெட்டி ஏற்றும்போது, அதைத் தாங்குற கட்டையை அப்பா படுக்க வைக்கலை, குத்தி நிறுத்தித்தான் வைத்தார். ஏன்னு கேட்டேன். “படுக்க வெச்சா நாளாவட்டத்துல தொங்கிடும்மா, பெட்டி தொங்கினா டிசைன் கெட்டுடும்” என்றார். அப்பா அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவர். கணக்குத் தெரியாது, கை தெரியும்.

சோதனை 3: முக்கோணம்

நாலு ஈர்க்குச்சியைச் சதுரமாக வைத்து மூலைகளை நூலால் கட்டுங்க. ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்து போகும். மூணு குச்சியில் முக்கோணம் கட்டித் தள்ளிப் பாருங்க. அசையாது. ஏன்? சதுரத்தில் பக்கங்களின் நீளம் மாறாமலே மூலை மட்டும் மாறலாம். முக்கோணத்தில் மூணு பக்கத்தின் நீளம் முடிவாகிவிட்டால் வடிவமும் முடிந்தது. கணிதப் பாடத்தில் ‘ப-ப-ப’ சர்வசமம் படிச்சோமே, அதுதான் இது!

இப்போ சதுரத்துக்கு மூலைவிட்டமாக ஒரு குச்சி கட்டுங்க. ஆட்டம் நின்னுடும். சைக்கிள் ஃபிரேம், மின்சார டவர் எல்லாம் முக்கோணமாக இருக்கக் காரணம் இதுதான். ஆடுற பெஞ்சுக்கு நாலு பக்கமும் ஆணி அடிப்பதை விட, காலுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பட்டி அடிச்சால் போதும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் ஏன் அத்தனை தூண்?

ரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் கிட்டக்கிட்ட கோடு போடுங்க. இரண்டு முனையையும் மேலே தூக்கி, நடுவை அழுத்தி வளையுங்க. மேல்பக்கக் கோடுகள் நெருங்கும், கீழ்ப்பக்கக் கோடுகள் விலகும். அதாவது பாரம் ஏறிய உத்தரத்தின் மேல்பக்கம் அமுங்குது, அடிப்பக்கம் இழுபடுது.

கருங்கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. நீளமான கல்லை இரண்டு தூண் மேல் வைத்தால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால்தான் ஏகாம்பரநாதர் கோயில் மண்டபத்திலும் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் தூண்கள் கிட்டக்கிட்ட நிற்கின்றன. தூண் தலையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகையைப் பாருங்க. அது வெறும் சிற்பவேலை இல்லை. மேலே இருக்கும் கல் தாண்டவேண்டிய தூரத்தை அது குறைக்கிறது.

கான்கிரீட்டும் கல் மாதிரிதான். அதன் இழுவை வலிமை, அமுக்க வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையைத் தீர்க்க உள்ளே கம்பி வைக்கிறார்கள். இரும்பு இழுவையை நன்றாகத் தாங்கும். வெயிலில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும். அதனால் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது.

தளத்தின் நடுப்பகுதியில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கணும். ஆனால் சன்ஷேடுக்கு மேல்பக்கம் இருக்கணும்! ஏன்னா சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் இருக்கு. அதில் மேல்பக்கம்தான் இழுபடும். வேலை நடக்கும்போது கம்பியை மிதித்துக் கீழே அமுக்கிவிட்டால், கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை. வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. பந்து எடுக்க சன்ஷேடில் ஏறுகிற அண்ணன்மார்களே, இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படிங்க.

ஒரே ராஜா கட்டிய இரண்டு கோபுரம்

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் 1509-இல் கட்டினார். உயரம் ஏறக்குறைய 190 அடி. அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். கனமானது அடியிலும் லேசானது மேலேயும் இருப்பதால் காற்று தள்ளினாலும் கோபுரம் சாயாது.

அதே ராயர் 1516-இல் காளஹஸ்தியிலும் ஒரு ராஜகோபுரம் கட்டினார். அதுவும் நம்ம கோயில் மாதிரி பஞ்சபூதத் தலம்தான். நம்முடையது நிலம், அது காற்று. அந்தக் கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. முன்னாடியே பெரிய விரிசல் கண்டு, ஆட்களை அங்கிருந்து விலக்கியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. புதுக் கோபுரம் கட்டி 2017-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஐந்நூறு வருஷம் நின்றது இனிமேலும் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. விரிசல் சொல்வதைக் கேட்கணும்.

விரிசலுக்குப் பல காரணம் உண்டு. அஸ்திவாரத்து மண் ஒரு பக்கம் இறங்கலாம். சந்தில் விழுந்த அரச விதை முளைத்து வேரால் பிளக்கலாம். கம்பி துருப்பிடித்தால், துருவுக்கு இரும்பை விட அதிக இடம் வேணும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

சுவர்: இதுதான் முக்கியம்

நோட்டுத்தாளை நிமிர்த்தி நிறுத்துங்க, நிற்காது. நடுவில் ‘எல்’ மாதிரி மடித்து நிறுத்துங்க, நிற்கும். சுவரும் அப்படித்தான். வீட்டுச் சுவரைக் குறுக்குச் சுவரும் கூரையும் பிடித்துக்கொண்டிருக்கும். தனியாக நீளமாக நிற்கும் காம்பவுண்டு சுவரை அஸ்திவாரம் மட்டும்தான் பிடிக்கணும். அதனால்தான் இடையிடையே தூண் வைத்துக் கட்டுகிறார்கள். தூண் இல்லாத சுவர் மேலே இருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. மழையில் மண் ஊறினால் இன்னும் மோசம்.

2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்துவிட்டார்கள். அவர்களும் நம்மை மாதிரி இடைவேளைக்குப் போனவர்கள்தான். அதன்பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்துப் பழுதானவற்றை இடித்தார்கள். ஆனால் தினமும் அந்தச் சுவர் பக்கம் போகிறவர்கள் நாம்தான். நம் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

இவற்றைப் பார்த்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்க:

1. சாய்வாகவோ படிக்கட்டு மாதிரியோ போகும் விரிசல். பென்சிலால் முனையில் கோடும் தேதியும் போட்டு வையுங்க. கோட்டைத் தாண்டி வளர்ந்தால் ஆபத்து.
2. வயிறு தள்ளின சுவர், சாய்ந்த சுவர்.
3. தளத்தில் காரை உதிர்ந்து தெரியும் துருக்கம்பி.
4. சுவர் சந்தில் முளைத்த அரசு, ஆல்.
5. பெருமழைக்கு அடுத்த நாள் பழைய சுவர் எதுவானாலும்.

தூரத்தில் இருந்து பாருங்க. சாயாதீங்க, ஏறாதீங்க.

சிந்திக்க

1. மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் ஏன் அவ்வளவு உறுதி?
2. முட்டையை நெட்டுக்குத்தாக வைத்து உள்ளங்கைகளால் சமமாக அழுத்தினால் ஏன் சுலபத்தில் உடைவதில்லை?
3. நம் பள்ளியில் முக்கோணம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது? பத்தாவது கண்டுபிடிங்க.

விடைகளைத் தாளில் எழுதி இந்தப் பலகைக்குக் கீழே ஒட்டுங்க. அடுத்த மாதம் சரியான விடை எழுதியவர்கள் பெயரை இங்கேயே எழுதுகிறேன்.



9ஆம் வகுப்பு மாணவி