தோட்டத்தில் பிழைத்த குலம்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியான ஜார்ஜியாவில் அல்தமாகா என்னும் ஆறு பாய்கின்றது. அப்பகுதி ஆங்கில அரசின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1765 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வாற்றங்கரையில் தந்தையும் மகனுமாக இருவர் வழிதவறிச் சென்றனர். தந்தையார் ஜான் பார்ட்ரம், பிலடெல்பியா நகருக்கருகே உழவுத்தொழில் செய்துகொண்டே தம் முயற்சியால் செடிநூல் கற்றவர். மகனார் பெயர் வில்லியம். வழிதவறிய இடத்தில் அவர்கள் முன்பு எங்கும் கண்டறியாத குறுமரங்கள் சில நின்றன. அவற்றை மலர்ந்த நிலையில் காணும் பேறு அன்று வாய்க்கவில்லை. மலரைக் காணாது ஒரு செடியின் குலத்தைத் துணிதல் அரிது.

1773 இல் தொடங்கிய நெடும்பயணத்தின்போது வில்லியம் மீண்டும் அவ்விடம் சென்றார். இம்முறை மலர் கிடைத்தது. மூன்று அங்குல அகலமும், தூய வெண்மையான ஐந்து இதழ்களும், நடுவே பொன்னிற மகரந்தத் தாள்களும், இனிய மணமும் உடையது அது. நீலகிரிச் சரிவுகளில் வளரும் தேயிலையின் சிறுமலரைக் கூர்ந்து நோக்கியவர்க்கு இவ்வடிவம் புதிதன்று. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்நிலத்திலேயே வளரும் கார்டோனியா என்னும் மரமும் அக்குடும்பத்ததே. இஃது அதன் வேறொரு வகையாகலாம் என்றே வில்லியம் முதலில் எண்ணினார். தோற்றத்தைக் கண்ட அளவிலே பெயர் சூட்டிவிடும் விரைவு கற்றோரிடத்தும் உண்டு. அவரோ மலரோடு மலரையும் காயோடு காயையும் ஒப்பிட்டு நோக்கினார். கார்டோனியாவின் மலர் நீண்ட காம்பில் நிற்கும். இதற்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். அதன் விதைக்குச் சிறகு உண்டு, இதற்கு இல்லை. அஃது என்றும் பசுமை மாறாதது. இதன் இலைகளோ இலையுதிர் காலத்தில் செந்நிறமாகிக் கழியும். ஆகவே இது தனிக்குலம் எனத் துணிந்தார். தந்தையாரின் நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளின் நினைவாகப் பிராங்க்ளினியா என்னும் பெயர் 1785 இல் நூலேறியது.

வில்லியம் அச்செடியின் விதைகளைத் திரட்டிக்கொண்டு 1777 இல் வீடு சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். தந்தையார் அமைத்த தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1781 இல் முதன்முதலாகப் பூத்தன.

இதனை வளர்த்தல் எளிதன்று. பூத்து ஓராண்டிற்கு மேலான பின்னரே காய் முற்றும். ஆதலின் புதுமலரும் பழைய காயும் ஒரே மரத்தில் ஒருங்கே காணப்படும். விதையை உலரவிடாது, ஈரத்தோடு சிலகாலம் குளிரில் வைத்து விதைப்பர். கோடையில் இளங்கிளையை நறுக்கி நட்டாலும் வேர்விடும். நீர் தேங்கும் மண் ஆகாது. வேர் அழுகி, தழைத்து நின்ற செடியும் பட்டுவிடும். வேரூன்றிய பின் பிடுங்கி வேறிடத்தில் நடுதலையும் இது பொறாது.

1803 ஆம் ஆண்டிற்குப் பின் ஆற்றங்கரையில் இதனைக் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. அழிந்த காரணம் இன்னதென அறிஞர்கள் துணிந்திலர். தேடிச் சென்றோர் பலரும் வெறுங்கையராய்த் திரும்பினர். இன்று பல நாட்டுப் பூங்காக்களில் வளரும் பிராங்க்ளினியாக்கள் அனைத்தும் அவ்விதைகளின் வழிவந்தவையே என்பர். பார்ட்ரம் தோட்டத்தில் அது இன்றும் ஆவணித் திங்களை ஒட்டிப் பூக்கின்றது.