அச்சமும் ஐந்தொகையும்

இன்று நாம் வாழும் மேலை நாடுகளைப் போலப் பாதுகாப்பான சமுதாயம் முன்னர் இருந்ததில்லை என்றே கூறலாம். 1900ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமலே இறந்தன. இன்று அத்தொகை நான்கு அளவில் நிற்கின்றது. ஆபத்துக் குறைந்தால் அச்சமும் குறைய வேண்டும் அல்லவா? ஆனால் அச்சமோ வளர்ந்திருக்கிறது. இதன் காரணத்தை ஆராய்வதும், எமது இல்லங்களில் இதனை எவ்வாறு கையாளலாம் என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலை வழி

முதலில் ஓர் ஆய்வைப் பார்ப்போம். மேயர் ஹில்மன், ஜோன் அடம்ஸ், ஜோன் வைற்லெக் ஆகிய மூவரும் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது. 1971இல் இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 வீதமானோர் பெரியவர் துணையின்றித் தாமாகவே பாடசாலைக்குச் சென்று வந்தனர். 1990இல் அவ்வாறு சென்றவர்கள் 9 வீதத்தினர் மட்டுமே.

இதே காலத்தில் வீதி விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதனைக் காட்டி, வீதிகள் பாதுகாப்பாகிவிட்டன என்று சிலர் மகிழ்ந்தனர். ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. வீதியில் வாகனங்கள் பெருகியிருந்தன. பிள்ளைகள் வீதியிலிருந்து எடுக்கப்பட்டதனாலேயே விபத்துக் குறைந்தது என்பது அவர்கள் முடிவு. வாகனத்துக்கு அஞ்சிய பெற்றோர் பிள்ளையைக் காரில் ஏற்றினர். அதனால் பாடசாலை வாசலில் கார்கள் மேலும் கூடின. அதனைக் கண்டு மற்றப் பெற்றோரும் அஞ்சினர். இப்படி ஓர் அச்சம் அடுத்த அச்சத்தைப் பெற்றெடுத்தது.

அச்சம் வளரும் வழிகள்

அச்சம் வளர மூன்று காரணங்களை எடுத்துக்காட்டலாம்.

1. எளிதில் நினைவுக்கு வருவதை நாம் அடிக்கடி நடப்பது என்று எண்ணுகிறோம். இதனை ஆமோஸ் ட்வேர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் உளவியலாளர்கள் 1973இல் விளக்கினர். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதித் தாக்குதல்களின் பின் அமெரிக்கர் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தூரம் பயணம் செய்தனர். விமானத்தைவிடக் கார்ப் பயணமே ஆபத்துக் கூடியது. அடுத்த 12 மாதங்களில் இதனால் ஏறத்தாழ 1,500 பேர் மேலதிகமாக வீதிகளில் இறந்ததாக ஜேர்மனிய உளவியலாளர் கேர்ட் கிகெரென்சர் கணித்துள்ளார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்தவர்களைவிட இது பல மடங்கு. ஆயினும் இவர்கள் ஒவ்வொருவராக, வெவ்வேறு வீதிகளில் இறந்தமையால் எவர் நினைவிலும் நிற்கவில்லை.

2. பிள்ளைகள் குறைந்துவிட்டனர். எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் இன்று ஒன்றிரண்டு பிள்ளைகளே உள்ளனர். முழு முதலையும் ஓரிடத்தில் இட்டவன் நித்திரை கொள்ளமாட்டான்.

3. பழிக்கு அஞ்சுதல். ஒன்றை அனுமதித்து விபத்து நேர்ந்தால் கேள்வி வரும். தடுத்துவிட்டால் எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. 1995இல் செஷயர் மாவட்டப் பூங்கா ஒன்றின் ஏரியில், நீந்தத் தடை என்ற அறிவித்தலையும் மீறி, ஆழமில்லாத நீரில் பாய்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் கழுத்து முறிந்து செயலிழந்தார். உள்ளூராட்சிச் சபைமீது நட்டஈட்டு வழக்கு எழுந்தது. விபத்துக்குப் பயந்து, மக்கள் கூடி மகிழும் ஏரிக்கரை மணலை மண்ணிட்டு மூடி மரம் நடவும் சபை முடிவு செய்திருந்தது. 2003இல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளியது. ஆபத்தை மட்டும் பாராது, அச்செயலால் மக்கள் பெறும் பயனையும், தடுப்பதால் வரும் இழப்பையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 2006ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டமும் இவற்றை நீதிமன்றம் கவனத்திற் கொள்ளலாம் என்று கூறியது.

கணக்கியல் கூறுவது

கணக்கியலில் முன்மதி எண்ணக்கரு என்று ஒன்றுண்டு. வரக்கூடிய நட்டத்தை இன்றே பதிய வேண்டும். வரக்கூடிய இலாபத்தைக் கைக்கு வருமுன் பதியக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கடன்காரர் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று அளவுக்கு மீறி ஐயக்கடன் ஒதுக்கம் செய்தால், நல்ல வியாபாரமும் ஏட்டில் நட்டமாகவே தெரியும். 1998இல் வெளியான சர்வதேசக் கணக்கியல் நியமம் 37, மிகையான ஏற்பாடுகளுக்கு நிச்சயமின்மை ஒரு சாட்டு ஆகாது என்கிறது. மிதமிஞ்சிய எச்சரிக்கையும் பொய்க்கணக்கே.

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு உண்டு. தவிர்த்த ஆபத்தை நாம் ஒரு பக்கத்தில் எழுதுகிறோம். அதற்காகக் கொடுத்த விலையை மறுபக்கத்தில் எழுதுவதில்லை. இன்றைய சமுதாயத்தின் அச்சம் இந்த அரைக் கணக்கில்தான் வளர்கிறது. விலை குறைந்த எச்சரிக்கையை எவரும் குறை சொல்லமாட்டார். 1983இல் பிரித்தானியாவில் முன் ஆசனப் பட்டி கட்டாயமானது. ஒரு நொடி வேலை, உயிரைக் காக்கிறது. இருபக்கமும் எழுதினால் இத்தகைய எச்சரிக்கை எப்போதும் நிலைக்கும்.

எம்மவர் நிலை

எமது அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. ஷெல் விழுந்த ஊர்களிலிருந்து வந்தோம். பொழுதுபட்ட பின் பிள்ளை வீடு திரும்பாவிட்டால் அதன் பொருள் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அச்சம் அன்று உயிர்களைக் காத்தது. அதனை எவரும் இகழ வேண்டாம்.

ஆயினும் இன்னொன்றையும் நினைத்துப் பார்ப்போம். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபோது, சூடு விழும் என்று அறிந்தும் இருளில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தவர்கள் எம்மவரே. ஏஜென்சிக்காரரின் சொல்லை நம்பி, மொழி தெரியாத விமான நிலையங்களில் இறங்கியவர்களும் எம்மவரே. அவர்கள் அச்சமற்றவர்கள் என்பதாலா சென்றனர்? போவதற்கும் விலை உண்டு, இருப்பதற்கும் விலை உண்டு என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தே புறப்பட்டனர். அந்தக் கணக்கு எமக்குத் தெரியாததன்று.

அதே பெற்றோர் இன்று பதினாறு வயது மகளைத் தனியே பஸ்ஸில் அனுப்பவும், விரும்பிய பாடத்தைத் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க விடவும் தயங்குகின்றனர். நீந்தப் போக வேண்டாம் என்கின்றனர். இங்கிலாந்தின் பாடவிதானமோ ஆரம்பப் பாடசாலை முடியுமுன் பிள்ளை 25 மீற்றராவது நீந்த வேண்டும் என்கிறது. நீச்சலைத் தடுத்தால் நீரின் ஆபத்து நீங்காது. பெற்றோர் அருகில் இல்லாத ஒரு நாளுக்கு அது தள்ளிவைக்கப்படுகிறது. அவ்வளவே.

வீட்டுப் பயிற்சி

அடுத்த முறை பிள்ளை ஒன்றுக்கு அனுமதி கேட்கும்போது, உடனே ‘வேண்டாம்’ என்னாமல், ஒரு தாளை நடுவே கோடிட்டுப் பிள்ளையுடன் அமர்ந்து எழுதுங்கள்.

அ) அனுமதித்தால் என்ன கெடுதல் வரலாம்? அது எவ்வளவு அரிது?
ஆ) அதனைக் குறைக்கச் செலவு குறைந்த வழி உண்டா? (முதல் நாள் கூடச் செல்லுதல், போய்ச் சேர்ந்ததும் அழைத்துச் சொல்லுதல் போன்றன.)
இ) மறுத்தால் பிள்ளை எதை இழக்கும்? பத்து ஆண்டுகளின் பின் அந்த இழப்பு எவ்வளவாகும்?

எழுதிய பின்னும் ‘வேண்டாம்’ என்பதே விடையாக வரலாம். அப்போது பிள்ளைக்குக் காரணம் தெரிந்திருக்கும். மனத்தாங்கலும் குறையும்.

நடராசப் பெருமானின் முன் வலக்கரம் அபயம் காட்டுகிறது. பின் இடக்கரத்தில் தீ எரிகிறது. தீ இல்லை என்று பெருமான் கூறவில்லை. தீயும் இருக்கும் உலகில் ‘அஞ்சேல்’ என்கிறார். எமது பிள்ளைகளுக்கும் அச்சொல்லை நாம் கூறத் தொடங்குவோமாக.