புலன் கலப்பும் எழுத்தின் பெயரும்

கண்ணுக்குரியது ஒளி, செவிக்குரியது ஓசை, வன்மையும் மென்மையும் தொட்டறியும் மெய்க்குரியன. ஆயினும் நம் இலக்கண நூலார் மெய்யெழுத்துக்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்தனர். தொட்டறியும் குணத்தைக் கேட்டறியும் ஓசைக்குப் பெயராக்குதல் தகுமோ? இது வெறும் சொல்லலங்காரமோ, அன்றி மக்களியல்பில் வேரூன்றியதோ? இதனை ஈண்டு ஆராய்வாம்.

இத்தகைய வழக்குப் புலவர்க்கே உரியதன்று. உத்தரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஏரிநீர் பாய்ந்து பயிர் பசுமை கொண்டவிடத்து, ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பர். சினந்து பேசுவதைச் ‘சூடான பேச்சு’ என்பர். இனித் தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைக் கூறினார். அவற்றுள் வல்லெழுத்து மிக்கது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கது மெல்லிசை வண்ணம். நிறத்தைக் குறிக்குஞ் சொல்லே ஓசை வேறுபாட்டையுங் குறித்தல் நோக்கற்பாலது.

நிற்க. சொல்வழக்கு வேறு, மெய்யான புலன் கலப்பு வேறு. மேலைநாட்டார் ‘சினெஸ்தீசியா’ என வழங்கும் இயல்புடையார்க்கு, ஒரு புலன் தூண்டப்படும்போது மற்றொரு புலனுணர்வும் தானே எழும். ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் சாக்ஸ் என்பார் தம்மிடத்தமைந்த இவ்வியல்பை 1812 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தனர். இஃது நோயன்று, முயன்று வருவிப்பதுமன்று. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுக்கள் 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துக்களுக்குக் கல்லின் நிறமன்றி வேறு நிறமில்லை. எழுத்துத்தோறும் நிறங்காணும் இயல்புடையார் ஒருவர் அவற்றைப் படிப்பாராயின், கல்லின் நிறத்தோடு அவ்வவ்வெழுத்திற்குத் தம்முள்ளத்தமைந்த நிறமும் உடன்றோன்றும். அந்நிறம் பல்லாண்டு கழியினும் பெரும்பாலும் மாறுவதில்லை.

இவ்வியல்பு சிலர்க்கே உரியது. ஆயின் ஏனையோர்பாலும் இதன் சாயல் உண்டென்பதற்கு ஒரு சான்று கூறுவாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், ஹப்பர்டு என்பாரோடு கூடி 2001 இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கூர்முனையுருவம் ஒன்று, வளைவுருவம் ஒன்று. இவற்றுள் ‘கீக்கீ’ எது, ‘பூபா’ எது என்பதே வினா. அமெரிக்க மாணவரிடத்தும் இந்தியாவிலுள்ள தமிழ் பேசுவோரிடத்தும் இது வினவப்பட்டது. 100க்கு 95 பேர் கூர்முனையுருவைக் ‘கீக்கீ’ என்றும், வளைவுருவைப் ‘பூபா’ என்றும் தெரிந்தனர். 2022 இல் வெளிவந்த, 25 மொழியினரிடை நிகழ்த்திய ஆய்வில் இத்தொகை 72 ஆகக் குறைந்தது; எனினும் பொதுப்போக்கு மாறவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். ‘பூபா’விலுள்ள பகரமும் வல்லெழுத்தன்றோ? அது வளைவுருவிற்குப் பொருந்தியது எங்ஙனம்? ஊகாரம் இதழ் குவியப் பிறக்குமென்றும், ககரம் நாவும் அண்ணமும் பொருந்தப் பிறக்குமென்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் உரைத்தார். இராமச்சந்திரனாரும் இதழின் குவிவையும் நாவின் தொழிலையுமே காரணமாகச் சுட்டினர். எனவே வல்லெழுத்தெல்லாம் கூர்மையுடையன என முடித்தல் பிழையாம். செவி கேட்பதும், கண் காண்பதும், வாய் தொட்டுணர்வதும் ஒருங்கே கூடுமிடத்தே இப்பொருத்தம் தோன்றுகின்றது.

ஆதலின் வல்லினம், மெல்லினம் என்னும் பெயர்கள் வெறும் அலங்காரமல்ல. ஓசையை உடம்பாலும் உணர்கின்றோம் என்பதற்கு அவை சான்றாவன. செய்யுளைக் கண்ணால் மட்டும் ஓட்டிச் செல்லும் வழக்கம் நம்மிடையே மிகுந்து வருகின்றது. அங்ஙனம் படிப்பார்க்கு இவ்வினிமையிற் பாதி மறைந்தொழியும். வாய்விட்டுப் படிப்பார்க்கே அது முற்றும் புலனாம்.