மரம் நடுவதும் ஸதகாவே

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது.

இத்தகைய உழைப்பின் பலனை ஆரோவில்லின் சாதனா ஃபாரஸ்டில் காணலாம். மண் அரித்துக் கிடந்த 70 ஏக்கரில் 2003 டிசம்பரில் ஒரு குடும்பம் அதைத் தொடங்கியது. தொண்டர்கள் அங்கேயே குடிசைகளில் தங்கி, மழைநீர் ஓடிவிடாதபடி கரைகள் போட்டு, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். சூரிய மின்சாரம், கூட்டுச் சமையல், அளவான தண்ணீர் என்பதே அங்கு வாழ்க்கை. இன்று அது காடாகி வருகிறது.

நம் பகுதியிலோ 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். பெய்யும் மழை மண்ணில் இறங்க இடம் குறைந்தது இரண்டுக்குமே ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை:

1. நபி (ஸல்) அவர்கள் இரு கை நிறையும் அளவான ஒரு 'முத்' நீரில் உளூ செய்தார்கள். குழாயைச் சிறிதாகத் திறப்போம்.
2. பள்ளிவாசலின் உளூ நீரைச் செடிகளுக்குத் திருப்புவோம்.
3. ஐப்பசி மழைக்கு முன் வீட்டு மழைநீர்க் குழியைச் சுத்தம் செய்வோம்.
4. தெருவில் வேம்பு, புங்கன் நட்டு, வளரும்வரை நீரூற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்.

அல்லாஹ் நம் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.