போன் நடனம் பிறந்த வழி

கேள்வி: ஜப்பானியர் மாண்டுபோன முன்னோரை வீட்டுக்கு வரவேற்கும் ‘ஓபோன்’ நாட்களில் முரசு கொட்டி, வட்டமாகக் கூடி நடனமாடுவார்களாமே? பிதிர்களுக்குரிய காரியத்தில் ஆட்டம் எப்படி நுழைந்தது?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: இதற்கு அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஓர் ஐதிகம். புத்தபிரானின் பிரதான சீடர்களுள் ஒருவரான மௌத்கல்யாயனர், ஜப்பானியர் நாவில் மொகுரென், இறந்துபோன தம் தாயைத் திவ்விய திருஷ்டியால் தேடியபோது, அவள் பிரேதலோகத்தில் பசியால் எலும்பும் தோலுமாய்க் கிடக்கக் கண்டு, பாத்திரம் நிறையச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாராம். கவளம் வாயை எட்டுமுன்னே தணலாகிவிட்டது. தனியொருவர் தவவலிமை இதற்குப் போதாதென்றும், பிக்ஷுக்கள் மழைக்கால வாசத்தை முடிக்கும் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாளில் சங்கத்தார்க்கு அன்னமிட வேண்டுமென்றும் பகவான் அருள, அவ்வண்ணமே செய்யவும் தாய் கடைத்தேறினாள். அந்த ஆனந்தம் தாளாமல் மகன் கூத்தாடினார். அதுவே இன்றைய நடனம் என்று கதையை முடிக்கிறார்கள்.

கதை அழகானதுதான். ஆனால் அதற்கு மூலமான உல்லம்பன சூத்திரத்தில் தாய் கரையேறிய செய்தி உண்டேயன்றி, மகன் ஆடியதாக ஒரு சொல்லும் இல்லை. அச்சூத்திரமே சீனத்தில் இயற்றப்பட்டிருக்கலாம் என்று கருதும் பண்டிதர்களும் உளர். சுய்கோ சக்கரவர்த்தினி காலத்தில், 606ஆம் ஆண்டு முதற்கொண்டு, அந்தத் திதியில் விகாரங்கள்தோறும் விருந்து படைக்கப்பட்டதாக ‘நிகோன் ஷோகி’ என்னும் பழைய சரித்திர நூல் கூறுகிறது; அங்கும் ஆட்டத்தைக் காணோம்.

ஆட்டம் தெருவிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டில் கூயா என்னும் துறவி, மார்பில் தொங்கிய சேகண்டியைத் தட்டியபடி, அமிதாப புத்தரின் நாமத்தைக் கியோத்தோ நகர்ச் சந்தையிலும் வீதியிலும் பாமர ஜனங்களின் நடுவே பாடித் திரிந்தார். அவரைத் தமக்கு முன்னோடியாகப் போற்றிய இப்பென் என்ற பரதேசி, 1279இல் ஷினானோ நாட்டில் நாமசங்கீர்த்தனம் செய்துகொண்டிருக்கையில், பரவசமுற்று ஆடத் தொடங்க, சூழ்ந்திருந்தோரும் தம்மை மறந்து உடன் ஆடினர். அவர் கால் நடந்த ஊர்களுக்கெல்லாம் அவ்வாட்டமும் உடன் சென்றது. பிற்காலத்தில், வேடமும் அலங்காரமும் பூண்டு ஊரார் ஆடும் ‘ஃபூர்யூ’ ஆட்டங்களோடு அது கலந்து, முன்னோர் வந்து தங்கும் நாட்களுக்கே உரியதாயிற்று. பிக்ஷு சங்கத்தின் விருந்து நாளைக் கொடுத்தது, நாடோடித் துறவியின் கால்கள் ஆட்டத்தைக் கொடுத்தன, மொகுரென் ஆடிய கதை இரண்டையும் இணைக்கப் பிறகு வந்தது என்பதே என் அபிப்பிராயம்.

பழைய பஞ்சாங்கப்படி அந்நாள் பௌர்ணமியாதலால் விளக்கில்லாமலே இரவு முழுதும் ஆட முடிந்தது. 1873இல் ஐரோப்பியப் பஞ்சாங்கத்தை அரசாங்கம் ஏற்றபின் தோக்கியோவில் ஜூலையிலும், பெரும்பாலான மற்ற ஊர்களில் ஆகஸ்டிலும் ஓபோன் வருகிறது. ஒக்கினாவாத் தீவினரோ சந்திரனை விட்டபாடில்லை. அக்காலத்து அதிகாரிகள், இரவெல்லாம் ஆணும் பெண்ணும் கூடி ஆடுவது நாகரிகத்துக்கு இழுக்கென்று பல மாகாணங்களில் தடையும் விதித்துப் பார்த்தார்கள். கிஃபு மாகாணத்துக் குஜோ ஹச்சிமானிலோ, இன்றும் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய ஆடுகிறார்கள்.

நடுவே ‘யாகுரா’ என்னும் மரமேடை, அதன்மேல் முரசு, சுற்றிலும் ஊரார். இப்போது ஆடப்படும் பாட்டுக்களில் பல பக்திப் பாடல்களே அல்ல. எங்கும் பிரசித்தமான ‘தாங்கோ புஷி’, கியூஷுத் தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாடிய பாட்டு. ஆடுவோரின் கைகள் கரியை வெட்டுகின்றன, தோளுக்கு மேல் வீசுகின்றன, வண்டியைத் தள்ளுகின்றன. முன்னே ஆடுபவரைப் பார்த்தே சிறு குழந்தையும் இரண்டு சுற்றில் கற்றுக்கொண்டுவிடும்.