பாய்மரம் சாய்ந்தால் பாலம் தாண்டலாம்!

"கொசைன் எல்லாம் எதுக்குடி? கடைக்குப் போனா கேட்பாங்களா?" என்று கேட்கும் என் வகுப்புத் தோழிகளுக்காகவே இதை எழுதுகிறேன். மற்ற வகுப்பினரும் படிக்கலாம்.

அமெரிக்காவில் புளோரிடா என்று ஒரு மாநிலம். அதன் நடுவே ஒக்கிச்சோபி என்ற ஏரி. ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரி மாதிரி நினைக்காதீங்க. பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர்! கிழக்குக் கடலில் இருந்து ஆறு, கால்வாய், ஏரி, மறுபடியும் கால்வாய், ஆறு என்று மேற்குக் கடல் வரைக்கும் படகிலேயே போய்விடலாம். சுமார் 250 கி.மீ. தூரம். வழியில் ஐந்து இடங்களில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை விடும் இரட்டைக் கதவு மதகுகள் உள்ளன. 1937-இல் இந்த வழி திறந்தது. இது இல்லை என்றால் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு கடலில் போக வேண்டும்.

ஆனால் போர்ட் மயாக்கா என்ற இடத்தில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. தூக்குப் பாலம்தான். ஆனால் முழுசாகத் தூக்கினாலும் தண்ணீருக்கு மேல் 49 அடிதான் இடைவெளி. மேற்கிலிருந்து வருகிறவர் முக்கால்வாசி வழி வந்த பிறகுதான் அதைப் பார்ப்பார். அங்கே வந்து "அய்யோ, என் பாய்மரம் 52 அடி" என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பார்க்காமல் போய் மோதினாலோ மரம் முறிந்து தலையில் விழும். அதிலேயே குடும்பத்தோடு குடியிருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு வீடே போன மாதிரி.

ஆகவே முதலில் உயரத்தை அளக்க வேண்டும். படகு விற்ற கம்பெனி கொடுத்த கணக்கு போதாது. உச்சியில் விளக்கு, காற்று காட்டும் கருவி, ரேடியோ கம்பி எல்லாம் பிறகு மாட்டியிருப்பார்கள். பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, தண்ணீர் மட்டம் வரை அளந்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். (கடலில் இருந்து நல்ல தண்ணீருக்கு வந்தால் படகு கொஞ்சம் கூடுதலாக அமிழும். ஆர்க்கிமிடிஸ் பாடம்! ஆனால் அந்தச் சின்ன அளவை நம்பிப் போகக் கூடாது.)

52 அடிக்காரர் என்ன செய்வார்? படகைச் சாய்ப்பார்! பெரிய பிளாஸ்டிக் டிரம்களைப் படகின் ஒரு ஓரத்தில் வரிசையாகக் கட்டி, பம்பு வைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். 200 லிட்டர் டிரம் என்றால் 200 கிலோ. ஆறு டிரம்முக்கு 1,200 கிலோ. தராசில் ஒரு தட்டு தாழ்கிற மாதிரி அந்தப் பக்கம் தாழும், பாய்மரமும் சாயும். பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் மெதுவாகப் போவார்கள். தாண்டியதும் தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு நிமிர்ந்துவிடும்.

எவ்வளவு சாய்க்க வேண்டும்? இங்கேதான் கொசைன். சாய்ந்த மரம் கர்ணம். நமக்கு வேண்டியது நேர் உயரம். 52-ஐ கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைத்துவிடும்.

10° சாய்த்தால்: 52 × 0.9848 = 51.2 அடி. ஒரு அடி கூடக் குறைந்த மாதிரி இல்லை!
20° சாய்த்தால்: 52 × 0.9397 = 48.86 அடி.
25° சாய்த்தால்: 52 × 0.9063 = 47.13 அடி.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். முதல் 10 டிகிரி சாய்த்ததற்கு ஒரு அடிகூடக் குறையவில்லை, அடுத்த 10 டிகிரிக்கு இரண்டு அடிக்கு மேல் குறைகிறது. கொசைன் முதலில் சோம்பேறி, பிறகு சுறுசுறுப்பு. 20 டிகிரியில் கணக்குப்படி தாண்டிவிடலாம், ஆனால் மிச்சம் இரண்டு அங்குலம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு மோட்டார் படகு போய் அலை கிளப்பினால் முடிந்தது கதை. நானாக இருந்தால் 25 டிகிரிக்குக் குறைந்து போகவே மாட்டேன்.

கடல் ஏற்ற இறக்கம் உள்ள கால்வாய்களில் இன்னொரு தொல்லை. தண்ணீர் வற்றும்போது பாலத்துக்குக் கீழே இடம் கூடும். ஆனால் அதே நேரம் படகின் அடி மண்ணில் தட்டும். மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா? இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: பாய்மரம் 57 அடி, சாய்வு 30°. 49 அடிப் பாலத்தில் நுழையுமா? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி 9-ஆம் வகுப்பில் கொடுங்கள்.